ஒரே தடவையில் எழுந்த சுவர்

1

"ஆ...ஆ...ஆ...!"

நவம்பர் மழையையும் மீறிக்கொண்டு அந்த அலறல் ஹெல்லவோகன் ஊர் முழுக்கக் கேட்டது. மணி காலை ஒன்பதரை.

அலறியவள் பாலர் பள்ளி டீச்சர் சில்யே. அவளுக்குப் பின்னால் ஒரே கயிற்றைப் பிடித்தபடி பதினோரு குழந்தைகள். பதினொன்றும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

எதிரே நகராட்சி கட்டிக்கொண்டிருக்கும் புதிய நீச்சல்குளக் கட்டடம். அதன் கூரை விளிம்பில்...

கழுத்தில் கயிறு! மஞ்சள் மழைக்கோட்டு! தலையில் ஹெல்மெட்! காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது ஓர் உடல்!

"டீச்சர், அந்த மாமா ஊஞ்சலாடறாரு!" என்றது ஒரு வாண்டு, மேலே பார்த்துக் கையாட்டியபடி.

பத்தே நிமிஷத்தில் போலீஸ் கார் வந்து நின்றது.

இறங்கினாள் இன்ஸ்பெக்டர் யூருன் ஹாட்லெஸ்டா. வயசு நாற்பத்தாறு. இருபது நாளாகச் சரியான தூக்கமில்லை. காரணம், இதே சைட்டில் வேலை பார்த்த ஒருவன். கட்டட வேலையின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரி அன்ஃபின் வாலே. இருபது நாளாகக் காணவில்லை.

அண்ணாந்து பார்த்தாள்.

"ஓட்வார்... அது அன்ஃபின்தான்!"

"அன்ஃபினா?" கூடவே இறங்கினார் சார்ஜென்ட் ஓட்வார். அடுத்த வருஷம் ஓய்வு. கையில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி. "அவனைத்தான் அந்த லித்துவேனியாக்காரன் கடல்ல தள்ளிட்டான்னு நீ உள்ள போட்டுட்டியே! கடல்லேர்ந்து எழுந்து கூரைக்கு எப்படி ஏறினான்?"

யூருன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சாரத்தில் ஏறினாள். வழுக்கியது. மூச்சு வாங்கியது. கூரையை எட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

உடல் திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில்... வைக்கோல்!

கீழே இருந்து ஒரே சிரிப்பு. தகரக் கொட்டகை வாசலில் முப்பது தொழிலாளிகள் காபிக் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவன்டா அது?" கத்தினாள் யூருன். "குழந்தைங்க போற பாதைல பொணம் மாதிரி தொங்க விட்டது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார் மேஸ்திரி ஐவின். ஐம்பது வயசு. தாடி. கன்னம் ஒரு பக்கம் குழிவு.

"கோச்சுக்காதீங்க இன்ஸ்பெக்டர். கூரை ஏறிடுச்சு. கூரை ஏறினா வேலை செஞ்சவனுக்கு விருந்து போடணும். எங்க அப்பன், பாட்டன் காலத்துப் பழக்கம். போடாத கஞ்சப்பயலுக்குக் கூரைல கொடும்பாவி கட்டித் தொங்கவிடுவோம். ஊரே பாத்துக் காறித் துப்பும். இதுவும் பழக்கந்தான்!"

"விருந்து போடலையா?"

"போட வேண்டியது சைட் மேனேஜர் கௌத்தே. நகராட்சி சரின்னுதான் சொல்லிச்சு. இவருதான் வேணாம்னுட்டாரு. 'கூரையை ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினீங்களே, உங்களுக்கு விருந்து ஒரு கேடா?'ன்னாரு. பிரிக்கச் சொன்னது யாரு? அவரே! தப்பா மாட்டச் சொன்னது யாரு? அதுவும் அவரேதான்! ஒரு குண்டான் இறைச்சி சூப்பு, நாலு பெட்டி பியர்... அதுக்குக் கூடவா மனசு வராது ஒரு மனுஷனுக்கு?"

யூருன் பேச்சைக் கவனிக்கவில்லை. பொம்மையின் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்பக்கம் கறுப்பு மையில் மூன்று எழுத்து. 'அ. வாலே.'

"ஐவின்... இந்தக் கோட்டு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"துணி காயப்போடற ரூம்லேர்ந்து. ஒரு கொக்கில மூணு வாரமா கேப்பாரில்லாம கிடந்துச்சு. எல்லாக் கோட்டும் ஒரே மஞ்சள். யாரோ வேலைய விட்டுப் போனவனோடதுன்னு..."

"இது அன்ஃபினோடது."

முப்பது கோப்பைகளும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றன.

2

காருக்குள் வந்து கதவைச் சாத்தினாள் யூருன். மடியில் அந்தக் கோட்டு.

"ஓட்வார், கௌத்தே கொடுத்த வாக்குமூலம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? 'செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு அன்ஃபினும் விட்மந்தாஸும் சண்டை போட்டுக்கிட்டே படகுத்துறைப் பக்கம் போனாங்க. அன்ஃபின் மஞ்சக் கோட்டு போட்டிருந்தான். அரை மணி கழிச்சு விட்மந்தாஸ் மட்டும் திரும்பி வந்தான்.' அதை நம்பித்தானே அவனைப் பிடிச்சோம்."

"மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டுப் போனவனோட கோட்டு இங்க கொக்கில எப்படி இருக்கு?"

ஓட்வார் மெல்லுவதை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"இந்த ஊர் மழைல பொண்டாட்டிய மறந்துட்டுப் போவான், கோட்ட மறந்துட்டுப் போவானா?" என்றார் மெதுவாக. "அப்போ அன்ஃபின் சைட்டை விட்டு வெளியவே போகலையா?"

யூருன் கண்ணை மூடிக்கொண்டாள். அவமானமாக இருந்தது.

விட்மந்தாஸ்! கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் தச்சன். அவனைப் பிடிக்க அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே நாள். காரணம், அதற்கு முந்தின வாரம் அவன் போட்ட ஒரு சத்தம். ஒரே சுவரை மூன்றாவது தடவை இடிக்கச் சொன்னபோது ஐம்பது பேர் முன்னால் அன்ஃபினைப் பார்த்துக் கத்தியிருந்தான். 'இன்னொரு தடவை இடிக்கச் சொன்னே, உன்னையும் உள்ள வச்சுக் கான்கிரீட் ஊத்திருவேன்!'

போதாதா? மிரட்டல் இருக்கு. சாட்சி இருக்கு. பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். பிடி, போடு உள்ளே!

அவன் தலையிலடித்துக்கொண்டு சொன்னான். 'அன்னைக்கு முழுக்க நான் சுவர் வேலைலதான் இருந்தேன். என்கூட ரெண்டு பேர் இருந்தாங்க, கேளுங்க!' அந்த இரண்டு பேரும் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். போலீஸார் அவர்களுக்கு ஒரு தடவை போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. விட்டுவிட்டார்கள். துணி காயப்போடும் அறையைக் கூடச் சோதிக்கவில்லை!

அவன் மனைவி டைவா தினமும் ஸ்டேஷனுக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. யூருன் போகும்போதும் வரும்போதும் முகத்தையே பார்க்கிறாள். நாளை மறுநாள் விட்மந்தாஸ் மறுபடி கோர்ட்டில் நிற்க வேண்டும். இந்தத் தடவை கொலைக் குற்றச்சாட்டு. போனால் போனதுதான்.

"கோட்டுப் பையில ஏதோ இருக்கு," என்றார் ஓட்வார்.

உள்பையில் மழை புகாத சின்ன நோட்டு. அன்ஃபினின் கையெழுத்து.

ஓட்வார் புரட்டினார். புருவம் ஏறியது.

"இங்க பாரு யூருன்... இந்த சைட்ல இடிச்சுத் திரும்பச் செஞ்ச வேலைங்க அத்தனையும் நம்பர் போட்டு எழுதி வச்சிருக்கான். நாப்பத்தொண்ணு! 'குளத்தின் தரை. தண்ணீர் ஓடும் சரிவு நேர்மாறாக இருந்தது. உடைத்துத் திரும்பப் போட்டோம். காரணம்: கௌத்தே பழைய டிராயிங்கைக் கையில் கொடுத்தார்.'"

"அடுத்தது?"

"'மேற்குச் சுவர். உள்ளே குழாய் வைக்காமலே கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. காரணம்: நான் சோதித்துவிட்டு வருகிறேன் என்றபோது கௌத்தே காத்திருக்கவில்லை.' கேளு, இது பிரமாதம்! 'பெண்கள் உடைமாற்றும் அறையில் பெரிய கண்ணாடி ஜன்னல். தெருவைப் பார்த்து!'"

"காரணம்?"

"'மேஸ்திரி கேட்டார். தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் கௌத்தே.'" ஓட்வார் குலுங்கிச் சிரித்தார். "நம்ம ஊர்ப் பொம்பளைங்க குளிக்கறதை பஸ் ஸ்டாப்லேர்ந்து பாத்திருக்கலாம்! நாப்பத்தொண்ணுல முப்பத்தெட்டுக்குக் காரணம் இந்த மகானுபாவன் ஒருத்தரே. மிச்சம் மூணுல ஒண்ணு மழை. ஒண்ணு டிராயிங் போட்ட பொண்ணு. ஒண்ணு விட்மந்தாஸ், அளவு தப்பா எடுத்துட்டான், அவனே வந்து ஒத்துக்கிட்டான்னு எழுதியிருக்கு."

"கடைசிப் பக்கம் என்ன?"

ஓட்வாரின் சிரிப்பு மங்கியது.

"'வியாழக்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் இதை வாசிக்கப் போகிறேன். அதற்கு முன் செவ்வாய் மதியம் கௌத்தேவிடம் காட்டிவிடுவது நியாயம்.'"

செவ்வாய் மதியம்.

அன்ஃபினை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

3

"பொணம் இங்கேதான் இருக்கு," என்றாள் யூருன்.

ஐவினைத் தனியாகக் கூப்பிட்டுக் கட்டடத்துக்குள் நடந்தாள். எங்கே பார்த்தாலும் ஒட்டுப்போட்ட சுவர்கள். உடைத்த இடம், பூசிய இடம், பூசியதை உடைத்த இடம்.

"இதுல எதை இடிக்கறது, எதை விடறது!" பெருமூச்சு விட்டாள். "ஐவின், எல்லாச் சுவரையும் இடிச்சுக் கட்டிட்டீங்களா? இடிக்காத சுவர்னு ஒண்ணாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு," என்றார் ஐவின். குரலில் திடீர் மரியாதை. "உடைமாத்தற ரூமுக்கும் குளத்துக்கும் நடுவுல இருக்கற சுவர். ஒரே தடவைல எழுந்துச்சு. அளவு, மட்டம், தூக்குக்குண்டு... ஒரு மில்லிமீட்டர் பிசகு கிடையாது. வெளியூர்லேர்ந்து வர்ற இன்ஜினியருக்கெல்லாம் அதைத்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டறோம். எங்க மானத்தைக் காப்பாத்தற ஒரே சுவர்!"

"அது என்னைக்கு எழுந்துச்சு?"

ஐவின் தாடியைச் சொறிந்தார். "எனக்கு அன்னைக்குப் பல்லு பிடுங்கினாங்க, லீவு. அது... ஒரு செவ்வாய்க்கிழமை."

யூருன் சட்டென்று நின்றாள்.

"அன்ஃபின் காணாமப் போன செவ்வாயா?"

"ஆமா... கர்த்தரே! ஆமா!"

"கட்டினது யாரு?"

ஐவினுக்குச் சொல்ல மனமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"விட்மந்தாஸ்."

யூருன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். 'உன்னையும் உள்ள வச்சுக் கான்கிரீட் ஊத்திருவேன்!' சொன்னபடியே செய்துவிட்டானா? அந்தச் சுவரை இடித்து உள்ளே அன்ஃபின் இருந்தால் டைவாவின் புருஷன் ஜென்மத்துக்கும் வெளியே வர மாட்டான்.

இடிக்காமலும் இருக்க முடியாது.

"இடிக்கணும்," என்றாள்.

"ஐயோ, அதையா?" ஐவின் அலறினார். டீச்சர் சில்யேவை மிஞ்சிய அலறல். "வேற எதை வேணா இடிங்க! இந்த சைட்ல ஒரே தடவைல சரியா வந்த ஒரே பொருள் இன்ஸ்பெக்டர் அது! அதையும் இடிச்சா நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"என்ன சத்தம் இங்க?"

பளபளக்கும் பூட்ஸ். துளி சேறு இல்லை. கையில் டேப்லெட். சைட் மேனேஜர் கௌத்தே ரோய்ஸ்லான் வந்து நின்றான். வயசு நாற்பது. அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தலைமை ஏற்கப் போகிறவன். ஊரில் அதைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது, அவனே எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"மொதல்ல அந்தக் கோமாளி பொம்மையை இறக்குங்கடா!" ஐவின் மேல் பாய்ந்தான். "நாப்பது தடவை இடிச்சுக் கட்டின கும்பலுக்கு விருந்து வேணுமாம்! விருந்து!"

"கௌத்தே," என்றாள் யூருன், "குளத்துப் பக்கச் சுவரை இடிக்கப் போறோம்."

ஒரு விநாடி. கௌத்தே அவளைப் பார்த்தான். பிறகு... சிரித்தான்.

"தாராளமா! நானே சொல்லலாம்னு இருந்தேன். அந்த லித்துவேனியாக்காரன் கட்டினதுதானே? எனக்கு அப்பவே சந்தேகம். பிரேக்கர் மெஷின் வேணுமா? ரெண்டு தர்றேன். ஆள் வேணுமா? எடுத்துக்குங்க. இன்னொரு இடிப்பு... நமக்கென்ன புதுசா!"

யூருன் அவனையே பார்த்தாள்.

நாலு பெட்டி பியருக்கு மூக்கால் அழுதவன் இரண்டு மெஷினும் ஆளும் இலவசமாகத் தருகிறான்! அந்தச் சுவருக்குள் ஒன்றுமில்லை என்று இவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்?

"மெஷின் இருக்கட்டும் கௌத்தே," என்றாள் நிதானமாக. "முதல்ல ஆபீஸுக்கு வாங்க. ஒரு காபி சாப்பிட்டுப் பேசலாம்."

4

தகரப் பெட்டி ஆபீஸ். மேஜை மேல் டெஸ்ட்டுக்காக வார்த்த கான்கிரீட் கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி.

யூருன் காபியை ஊதினாள். ஓட்வார் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் உடம்புக்கு அது பெரிய வேலையில்லை.

"ஒரு சந்தேகம் கௌத்தே. இந்த சைட்ல எல்லாச் சுவரும் ரெண்டு தடவை, மூணு தடவை இடிபட்டிருக்கு. அது மட்டும் எப்படி ஒரே தடவைல சரியா வந்துச்சு?"

"இதென்ன கேள்வி?" கௌத்தே நாற்காலியில் சாய்ந்தான். "அன்னைக்கு நான் நின்னேன்ல! பன்னண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் அந்தச் சுவரை விட்டு நகரல. ஒவ்வொரு பலகையும் நான் சொல்லி அடிச்சது. உங்க ஆளுங்ககிட்ட அப்பவே சொன்னேனே, அங்க நின்னுதான் அவங்க ரெண்டு பேரும் படகுத்துறைக்குப் போறதைப் பாத்தேன்னு."

"மத்த சுவருக்கெல்லாம் நீங்க நிக்கலையா?"

"நின்னேன். ஆனா சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே! மடப்பயலுங்க. டிராயிங் பாக்கத் தெரியாது. பொறுப்பு கிடையாது. அன்னைக்கு ஒரு நாள்தான் நான் சொன்னதை அப்படியே செஞ்சானுங்க. பலன் தெரிஞ்சுதா?"

"பெரிய திறமைதான்." நோட்டுப் புத்தகத்தை அவன் முன் நகர்த்தினாள். "எனக்குக் கட்டடம் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தச் சுவரை வரைஞ்சு, நீங்க எங்க நின்னீங்கன்னு குறிச்சுக் கொடுங்களேன். கோர்ட்டுக்கு வேணும்."

கௌத்தேவுக்கு வரைந்து காட்டச் சொன்னால் கேட்க வேண்டுமா? பேனாவைத் திருகினான். நீளமாக ஒரு கோடு.

"இது சுவர். இந்த முனைல கடல். அந்த முனைல மலை. வாசல் இங்க, கடல் பக்க முனைல. வாசலுக்குப் பக்கத்துல நான். அதனாலதான் படகுத்துறை எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

"வாசல் கடல் பக்கம். நிச்சயமா?"

"என்ன இன்ஸ்பெக்டர், நாலு மணி நேரம் நின்னிருக்கேன். அந்த வாசலுக்குச் சட்டம் வச்சதே என் கண்ணு முன்னாலதான்!"

"கையெழுத்துப் போடுங்க."

போட்டான். அவனுக்கு அது கைவந்த வேலை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத்தானே அந்தக் கட்டடத்தை அந்தக் கதிக்குக் கொண்டு வந்திருந்தான்!

"வாங்க, இடத்தையும் பாத்துடலாம்."

வெளியே நின்ற ஐவினையும் சேர்த்து நாலு பேரும் நடந்தார்கள். உடைமாற்றும் அறை. விளக்கைப் போட்டார் ஐவின்.

எதிரே அந்தச் சுவர். பன்னிரண்டு மீட்டர். நூல் பிடித்த மாதிரி நேராக.

கடல் பக்க முனையில்...

வாசல் இல்லை!

வெறும் கான்கிரீட். ஒரு கீறல்கூட இல்லாத முழுக் கான்கிரீட்!

வாசல் மலைப் பக்க முனையில் இருந்தது.

கௌத்தேவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"வாசலை யார்... இடம் மாத்தினது?"

"யாரும் மாத்தல," என்றார் ஐவின். "கட்டின அன்னைக்கே அங்கதான் கட்டினது. செவ்வாய்க்கிழமை பன்னண்டரைக்குப் புது டிராயிங் வந்துச்சு. வாசல் கடல் பக்கம் இருந்தா குளத்து ஏணில போய் முட்டுதுன்னு மலைப் பக்கம் மாத்தி அனுப்பியிருந்தாங்க. பலகை அடிக்கறதுக்கு முன்னால விட்மந்தாஸ் அதைத் திறந்து பாத்திருக்கான். இந்த சைட்ல கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னால புது டிராயிங்கைப் பாத்த முதல் ஆளு அவன்தான்!"

"நான்... நான் மறந்துட்டேன்..."

"நாலு மணி நேரம் பக்கத்துல நின்ன வாசலையா?" யூருன் ஒரு அடி முன்னால் வைத்தாள். "சட்டம் வச்சதை உங்க கண்ணால பாத்தீங்களே! ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்குப் பன்னண்டு மீட்டர் கௌத்தே! சரி, அன்னைக்கு விடுங்க. அதுக்கப்புறம் இருபது நாள் ஆச்சு. ஒரு நாள் கூடவா இந்தச் சுவரை வந்து பாக்கல?"

"புகார் வந்தாத்தான் அவரு சுவரைப் பாப்பாரு," என்றார் ஐவின் பல்லில்லாத பக்கம் சிரித்து. "இதுக்குப் புகாரே வரலையே!"

"விட்மந்தாஸ் அப்பவே சொன்னான்," யூருனின் குரல் கரகரத்தது. தன் மேலேயே வந்த கோபம் அது. "'அன்னைக்குக் கௌத்தே இந்தப் பக்கமே வரல, நாங்க நிம்மதியா வேலை பாத்தோம்'னு. குற்றவாளி பேச்சுதானேன்னு நான் காதுல போட்டுக்கல. இந்தச் சுவர் சாட்சி சொல்லுது கௌத்தே. நீங்க நின்னிருந்தா இது பழைய டிராயிங்படி எழுந்திருக்கும். இன்னைக்கு இடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. இது நேரா நிக்குதுன்னா அன்னைக்கு நீங்க இங்க நிக்கவே இல்லைன்னு அர்த்தம்!"

கௌத்தே ஓடப் பார்த்தான். மலைப் பக்கம் வாசல் இருப்பது இப்போதுதான் தெரிந்தது, பாவம். அங்கே ஏற்கெனவே ஓட்வார் நின்றுகொண்டிருந்தார்.

கவிழ்த்து வைத்த சிமென்ட் வாளி மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"முப்பத்தெட்டு தடவை..." முனகினான். "பட்டியலை டைப் அடிச்சுக் கொண்டாந்து காட்டினான், முப்பத்தெட்டு தடவை என் பேரு! நகராட்சிக் கூட்டத்துல, எல்லார் முன்னாலயும் வாசிப்பேன்னான். 'ஒரு பத்தையாவது மழை மேல போடு'ன்னு கெஞ்சினேன் இன்ஸ்பெக்டர். 'மழை தப்பான டிராயிங் கொடுக்காது'ன்னான். அந்த ஆஸ்பத்திரி வேலை போயிடும்... மேஜைல கான்கிரீட் கட்டி இருந்துச்சு... ஒரே அடிதான்..."

"இந்த சைட்ல கெட்டியா வந்த ஒரே கான்கிரீட் அதாத்தான் இருக்கும்," என்றார் ஓட்வார்.

"இதுக்கா?" யூருனுக்கு அருவருப்பாக இருந்தது. "தப்பு பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. விட்மந்தாஸ் ஒத்துக்கிட்டானே, அவன் தலை என்ன கழண்டா விழுந்துச்சு? ஒரு உயிரை எடுத்து, இன்னொருத்தனை ஜெயிலுக்கு அனுப்பி... சீ! அன்ஃபின் எங்க?"

"வேன்ல போட்டு... மலை மேல என் விடுமுறை வீடு. பின்னால திண்ணையளவு ஒரு தளம் போட வேண்டியிருந்துச்சு..."

"அதுக்கு அடியிலயா?"

தலை தொங்கியது. ஆமாம் என்று அர்த்தம்.

5

மதியம் இரண்டு மணி. யூருனின் போன் அடித்தது. மலை மேலிருந்து ஓட்வார்.

"கிடைச்சுட்டான் யூருன். அன்ஃபின்தான்." யூருன் தொப்பியைக் கழற்றினாள். நல்ல மனுஷன் அன்ஃபின். உள்ளதை உள்ளபடி எழுதினதைத் தவிர ஒரு தப்பும் செய்யாதவன்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள் கடைசியில். "பிரேக்கர் மெஷின் இப்பத்தானே இங்கேர்ந்து கிளம்பிச்சு!"

"திருப்பி அனுப்பிடு. வேணாம்."

"கான்கிரீட்டை எதை வச்சு உடைச்சீங்க?"

"உடைக்கல. கௌத்தே தன் கையால போட்ட தளம் இல்லையா? நான் ஏறி நின்னேன். உள்ள போயிடுச்சு!"

மூன்று மணிக்குப் பெர்கன் நகரச் சிறை வாசலில் நின்றாள் யூருன். பக்கத்தில் டைவா. வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. ஆனால் இன்று அவள் யூருனின் முகத்தைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

விட்மந்தாஸ் வந்தான். இளைத்திருந்தான். டைவா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். யூருன் மழையில் நனைந்தபடி காத்திருந்தாள். போகலாம்தான். ஆனால் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது.

"மன்னிச்சிடுங்க விட்மந்தாஸ்," என்றாள். "அவசரப்பட்டுட்டேன். சரியா விசாரிக்கல. நீங்க சொன்னதைக் காதுல வாங்கல. எல்லாம் என் தப்பு."

விட்மந்தாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"விடுங்க இன்ஸ்பெக்டர். கௌத்தேவுக்கு ஒரு வேலையைச் சரி பண்ண மூணு தடவை ஆகும்... நீங்க எவ்வளவோ தேவல, ரெண்டாவது தடவைலயே பண்ணிட்டீங்க!"